தக்கைப்பூண்டும் மணிலா அகத்தியும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற சித்திரையில் அப்பா கேட்டார்: "செடியைப் பத்தித்தானே படிக்கிறே? நம்ம வயலுக்குப் பசுந்தாள் உரமா எதை விதைக்கலாம், தக்கைப்பூண்டா, மணிலா அகத்தியா?"

கேள்விக்குக் காரணம் உண்டு. சம்பா அறுத்த கையோடு, தை மாதத்தில் கடன் வாங்கி விதைத்த மணிலா அகத்தி முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது. மடக்கி உழத் தழையே தேறவில்லை. விதை மோசம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

இரண்டும் நம் கொல்லை அகத்தியின் உறவினங்களே. செஸ்பேனியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சிறகுபோன்ற கூட்டிலை, மஞ்சள் பூ, மெலிந்து நீண்ட காய் என எட்ட நின்று பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தண்டைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தக்கைப்பூண்டின் தண்டில் சிறு முட்கள் உண்டு. வேர்முடிச்சு வேரில் மட்டுமே. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பகுதியிலிருந்து வந்த மணிலா அகத்திக்கோ வேரிலும் முடிச்சு, தண்டிலும் வரிசை வரிசையாக முடிச்சு. அதில் வாழும் பாக்டீரியத்துக்கு அசோரைசோபியம் காலினோடன்ஸ் என 1988-இல் பெயரிட்டனர். தண்டு முடிச்சு ஒன்றைப் பிளேடால் கீறினேன்: வெளியே பச்சை, உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். தழைச்சத்து நிலைநிறுத்தம் நடப்பதன் அடையாளம். நீர் தேங்கி வேருக்குக் காற்றோட்டம் குறைந்தாலும், நீருக்கு மேலுள்ள தண்டு முடிச்சுகள் வேலையை நிறுத்துவதில்லை.

ஆனால் அதற்கு ஒரு குணம். பகற்பொழுது குறுகினால் வளர்ச்சியை விட்டுப் பூக்கத் தொடங்கிவிடும். தையில் விதைத்தது கெட்டதன் காரணம் இதுதான். வைகாசி, ஆனியின் நீண்ட பகலில் விதைத்தால் ஓங்கி வளரும். 45 முதல் 50 நாளில் மடக்கி உழுதுவிட்டுச் சம்பா நடலாம்.

தக்கைப்பூண்டின் பலம் வேறு. உவர், களர் நிலத்தைத் தாங்கும். 2004 ஆழிப்பேரலை உப்பாக்கிய நாகைக் கடலோர வயல்களைத் திருத்தவும் அது பயன்பட்டது.

ஆகவே, "வாய்க்காலோரப் பள்ள வயலுக்கு மணிலா அகத்தி, அதுவும் வைகாசியில், மேட்டுக் களர்த் திட்டுக்குத் தக்கைப்பூண்டு" என்றேன்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. "அப்போ விதை மேல குத்தமில்லையா?"

"இல்லப்பா. மாசம்தான் தப்பு."

"அந்த மனுசனைப் போய்ப் பாத்துட்டு வரணும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நண்பர்களே, ஒரு செடியை நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லுமுன், அதன் மண்ணையும் மாதத்தையும் கேட்க வேண்டும் என்று அன்று கற்றேன்.