பூனையின் மோவாயில் கரும்புள்ளி: தீனிப் பெட்டி விற்போர் அறிய வேண்டியவை

எடை, வரி, உரிமம் என்றே படித்துப் பழகிய நமது இதழில் பூனைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் விற்ற ஒரு பொருளால் ஒரு வாடிக்கையாளரின் பூனைக்குத் தொல்லை வந்தது. அதற்கு நாம் சொன்ன யோசனையால் தொல்லை இரட்டிப்பாயிற்று. அதனால்தான் இந்தப் பாடம்.

தண்டலத்தில் நாம் வியாபாரம் தொடங்கியபோது பெங்களூர் சாலையில் போகும் லாரிக்காரர்களும் சுற்றுக் கிராமத்து விவசாயிகளுமே நமது வாடிக்கையாளர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. இன்று நம் தெருக்களில் ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞர்களே மிகுதி. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாலும் துணைக்கு ஒரு பூனை வளர்க்கிறார்கள். ஷிப்டும் ஓவர்டைமும் சேர்ந்தால் 12 மணி நேரம் அறை பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் பூனைக்குத் தீனி போடுவதற்கென்று வந்ததுதான் தானியங்கி தீனிப் பெட்டி. மேலே தீனி கொட்டி வைக்கும் டப்பா, நடுவில் மோட்டாரில் சுழலும் சக்கரம், கீழே ஒரு தட்டு. குறித்த நேரத்தில் குறித்த அளவு விழும். மோட்டார் இல்லாத மலிவு வகையும் உண்டு. அதில் தட்டு காலியாகக் காலியாகத் தீனி தானே சரிந்து இறங்கும். எல்லாமே பெரும்பாலும் பிளாஸ்டிக்.

நம்மிடம் பெட்டி வாங்கிய ஆலைத் தொழிலாளி ஒருவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். "அண்ணாச்சி, பூனைக்குத் தாவாக்கட்டையில கருப்பு கருப்பா அழுக்கு ஒட்டியிருக்கு, தொடைச்சா போகலை" என்றார். நாமும் யோசிக்காமல், தரை துடைக்க விற்கும் கிருமிநாசினியை எடுத்துக் கொடுத்து, தண்ணீரில் கலந்து துடைக்கச் சொன்னோம். இரண்டாம் நாள் பூனை வாயில் எச்சில் ஒழுகி, தீனி தொடாமல் சுருண்டு படுத்துவிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். பூனை பிழைத்தது, ஆனால் அந்த இளைஞருக்கு இரண்டு நாள் சம்பளமும் வைத்தியச் செலவும் போயிற்று. தவறு முழுக்க நம்முடையது. பின்பு அதே டாக்டரிடம் போய் உட்கார்ந்து விவரம் கேட்டோம். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பொறுமையாகவே விளக்கினார்.

அந்தக் கருப்பு அழுக்கே அல்ல. பிள்ளைகளுக்கு முகத்தில் பரு வருவதுபோலப் பூனைக்கு மோவாயில் வரும் பரு அது. பூனையின் மோவாயிலும் கீழுதட்டிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். கதவு முனையிலும் நம் காலிலும் அது மோவாயைத் தேய்ப்பது, தன் வாடையைப் பதித்து 'இது என் இடம்' என்று அடையாளம் வைப்பதற்காக. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பூனைக்கு, நாக்கு எளிதில் எட்டாத இடங்களில் ஒன்று சொந்த மோவாய். அங்கே மயிர்க்கால் துவாரத்தில் எண்ணெயும் உதிர்ந்த தோலும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கரும்புள்ளியாகத் தெரியும். காப்பித் தூளைத் தூவியதுபோல் இருக்கும். அதில் கிருமி புகுந்தால் சிவந்து, வீங்கி, சீழ் கட்டி, வலி எடுக்கும்.

இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று மருத்துவர்கள் அறுதியிடவில்லை. தோல் வாகு, மன அழுத்தம், சரியாகச் சுத்தம் செய்துகொள்ளாமை எல்லாம் சேரும். ஆனால் பிளாஸ்டிக் தட்டில் உண்ணும் பூனைகளிடம் இதைக் கண்டால் முதலில் தட்டை மாற்றச் சொல்வது அவர்கள் வழக்கம். அதன் நியாயம் மளிகை வியாபாரிக்குச் சொல்லாமலே விளங்கும். கடலை எண்ணெய் அளக்கும் பிளாஸ்டிக் மக்கை எத்தனை முறை கழுவினாலும் பிசுபிசுப்பும் வாடையும் போகிறதா? எவர்சில்வர் படியில் ஒரு கழுவலில் போய்விடும். பூனையின் உலர் தீனியின் மேல் சுவைக்காகக் கொழுப்பைத் தெளித்திருப்பார்கள். அந்தக் கொழுப்பு பிளாஸ்டிக்கில் படியும். நாம் கம்பி நாரால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கீறலுக்குள் கொழுப்பும் எச்சிலும் தங்கினால் கிருமி குடியேறாமல் என்ன செய்யும்? வேளைதோறும் பூனை தன் மோவாயை அதன் விளிம்பில்தான் அழுத்தி உண்கிறது. சாதாரணக் கிண்ணமானால் தினம் ஒரு முறையாவது கழுவுவோம். தானியங்கிப் பெட்டியோ தானே போட்டுக்கொண்டிருப்பதால், வாரக்கணக்கில் யாரும் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டியின் வசதியே அதன் குறையும் ஆகிவிடுகிறது.

'உணவுத் தரம்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் என்றால் பரவாயில்லையே என்று நாமும் கேட்டோம். அந்த முத்திரை, பிளாஸ்டிக்கிலுள்ள வேதிப்பொருள் அளவுக்கு மீறி உணவில் இறங்காது என்பதற்கே. கீறல் விழாது என்பதற்கு அல்ல.

மாற்று சுலபம்தான். அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் தட்டு மிக நல்லது. ஆழமான கிண்ணமானால் மோவாய் உள்ளே போய்த் தீனிக் கொழுப்பில் படும். பளபளப்பு ஏற்றிய பீங்கானும் கண்ணாடியும் ஆகும். ஓரம் உடைந்ததைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். மண் சட்டி இயற்கையானது என்று சிலர் வைக்கிறார்கள். அது எண்ணெயை உறிஞ்சும், ஆகவே இந்த வேலைக்கு உதவாது. வாங்கிய பெட்டியை வீணாக்க வேண்டியதில்லை. மோட்டார் வகையில் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டு, தீனி விழும் வாய்க்கு நேர் கீழே எவர்சில்வர் தட்டை வைத்தால் போதும். சில கம்பெனிகள் எவர்சில்வர் தட்டோடேயே பெட்டியைத் தருகின்றன. கொள்முதல் செய்யும்போது அதைக் கேட்டு வாங்கலாம். தானே சரியும் மலிவு வகையில் தட்டும் டப்பாவும் ஒன்றாக இருப்பதால் மாற்ற வழியில்லை. அந்த வகையை நாம் இப்போது வாங்கி வைப்பதில்லை.

தட்டை அன்றாடம் சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் போட்டு மிருதுவான பஞ்சால் கழுவி, சோப்பு போக அலசி, துடைத்துக் காயவைக்க வேண்டும். மேல் டப்பாவில் பழைய தீனி மேலேயே புதுத் தீனியைக் கொட்டக்கூடாது. பழைய சரக்கை முன்னே தள்ளிவிட்டுப் புதுச் சரக்கை இறக்கும் நமக்கு இது புதிதல்ல. அடியில் தங்கியது சிக்கு வாடை அடித்துவிடும். வாரம் ஒரு முறை டப்பாவைக் காலி செய்து கழுவலாம். ஈரம் முழுக்கக் காயாமல் தீனி கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மோட்டார் உள்ள பாகத்தைத் தண்ணீரில் முக்காமல் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தையும் எவர்சில்வருக்கு மாற்றிவிடுவதே முறை.

புள்ளிகள் லேசாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சுத்தமான துணியை நனைத்துச் சில நிமிடம் ஒற்றி எடுத்து, ஈரம் போகத் துடைத்தால் போதும். நகத்தால் கிள்ளுவது, பிதுக்குவது கூடவே கூடாது. அடைப்பு உள்ளே உடைந்து புண்ணாகும். நம் ஊர் வழக்கப்படி மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசத் தோன்றும். ஏற்கனவே எண்ணெயால் அடைத்த துவாரத்தில் மேலும் எண்ணெய் பூசுவது எதற்கு? மனிதருக்கான பருக் களிம்பும் பூனையின் தோலைப் பொசுக்கும்.

இனி நமது அலமாரியைப் பற்றி. பினாயில் மற்றும் தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினி எதையும் பூனையின் மேல் படவிடக்கூடாது. அவற்றிலுள்ள பீனால் போன்ற சரக்கை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மேலே பட்டதை நக்கியே உள்ளே தள்ளிவிடும். தீனித் தட்டைக்கூட இவற்றால் கழுவக்கூடாது. இன்னொரு ஆபத்து, கரும்புள்ளியைத் தெள்ளுப்பூச்சி என்று நினைத்து நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைப் போடுவது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். சந்தேகம் வந்தால் அந்தக் கருப்புத் துகளை நனைந்த வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். செந்நிறமாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு, கரையாவிட்டால் பரு என்று கொள்ளலாம். மருந்தை டாக்டரே தர வேண்டும்.

வீக்கம், இரத்தம், சீழ், தீனி எடுக்காமை இருந்தாலோ, தட்டை மாற்றிச் சில வாரமாகியும் புள்ளி குறையாவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பரு ஒட்டாது, படர்தாமரை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

எலிக்காகக் கடையில் பூனை வளர்க்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் 4-வது அட்டவணைப்படி உணவுப் பொருள் உள்ள இடத்தில் விலங்குகள் நுழையக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூனைக்கென்று குடோனுக்குள் தீனிப் பெட்டியை வைத்துப் பூட்டிப் போவது விதிக்கும் ஒவ்வாது, சிந்திய தீனிக்கு எலியும் எறும்பும் வந்து சேரும். பூனையும் அதன் தட்டும் கொல்லைப்புறத்தோடு இருக்கட்டும்.

நமது கடையில் இப்போது மோட்டார் பெட்டி ஒன்று விற்றால் ஒரு எவர்சில்வர் தட்டைச் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறோம். லாபத்தில் சில ரூபாய் குறைகிறது. தட்டை அன்றாடம் கழுவ வேண்டும் என்பதைப் பில் போடும் பையன் வாயாலும் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்த ஆலைத் தொழிலாளியின் பூனைக்குத் தட்டு மாற்றிய ஐந்தாறு வாரத்தில் புள்ளிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. வலப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று இன்னும் இருப்பதாகச் சொன்னார். மாதச் சாமான் இன்னமும் நம்மிடமேதான் வாங்குகிறார்.