அப்பாவின் லேப்டாப்பை மாத்த முதல்: பாமினிக் கோப்புகளைக் காப்பாற்றுவோம்



இந்த எபிசோடில் விண்டோஸ் 10 இலிருந்து 11 க்கு மாறுவதைப் பற்றிக் கதைத்தோம். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டில் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் நீங்கள்தான் எண்டால், "பிள்ளை, இதை ஒருக்கா மாத்தித் தாவன்" எண்ட குரல் ஏற்கனவே கேட்டிருக்கும். மாத்தலாம். ஆனால் அதுக்கு முதல் இதை வாசியுங்கோ.

புது லேப்டாப்பில் அப்பாவின் பழைய வேர்ட் கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள். தமிழ்ப் பள்ளி வினாத்தாள், ஊருக்கு எழுதின கடிதம், அம்மம்மாவின் நினைவு மலர், ஏதோ ஒன்று. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா? இல்லை. அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது.

ஏன் இப்படி?

தொண்ணூறுகளில் வீட்டுக் கணினிகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. விண்டோஸே 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தமிழ் யூனிகோடை ஆதரிக்கத் தொடங்கியது. அதுவரை எங்கட ஆக்கள் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பாவித்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைப்பதுதான் அதன் வழி. பாமினியில் "அம்மா" எண்டு அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்ட ஐந்து குறிகளைத்தான். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லையெண்டால் தமிழும் தெரியாது.

விண்டோஸ் 10 இன் மேலேயே 11 ஐப் போட்டால் எழுத்துருக்கள் பொதுவாக அப்படியே இருக்கும். புது லேப்டாப் வாங்கும்போதும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும்போதும்தான் சிக்கல். நாங்கள் ஆவணக் கோப்புறையை மட்டும் கொப்பி பண்ணுவோம். எழுத்துரு இருப்பதோ விண்டோஸ் கோப்புறைக்குள்.

செய்ய வேண்டியவை

1. பழைய கணினி ஓடும்போதே, முக்கியமான கோப்புகளைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கோ. பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு கொண்டுபோகும். பிறகு சரிபார்க்க இதுதான் உங்கள் மூலப்பிரதி.

2. கோப்புகளோடு பாமினி எழுத்துருக் கோப்பையும் யூஎஸ்பியில் எடுங்கோ. புதுக் கணினியில் அதில் வலது கிளிக் செய்து "இன்ஸ்டலீரன்" கொடுத்தால் தமிழ் திரும்ப வரும். லினக்ஸிலும் அதே எழுத்துருவை நிறுவலாம்.

3. இது தற்காலிக வழிதான். கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால் அவரிடமும் பாமினி இருக்க வேணும்; தமிழில் தேடவும் ஏலாது. ஆகவே யூனிகோடுக்கு மாற்றுங்கோ. இதுக்கு இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கு. ஆனால் குடும்பக் கடிதத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டுவதற்கு முதல் ஒருக்கா யோசியுங்கோ.

4. முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். இடையில் ஜெர்மன் முகவரியோ பெயரோ இருந்தால், மாற்றி அதையும் பாமினி எண்டு நினைத்துக் குழப்பிவிடும். வேர்டில் எழுத்துருவை வைத்தே தேடலாம். பாமினிப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கோ.

5. கொம்பு வரும் எழுத்துகளைக் கவனமாகப் பாருங்கோ. பாமினியில் "கொ" எண்டால் கொம்பு, க, கால் எண்ட வரிசை. யூனிகோடில் "க" முதலில் வரும், உயிர்க்குறி பிறகு. தரமில்லாத மாற்றி பிழைவிடும் இடம் இதுதான். பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து அப்பாவையே வாசிக்கச் சொல்லுங்கோ.

பழைய மென்பொருள் ஓடாவிட்டால்?

வலது கிளிக், "ஐகன்ஷாஃப்டன்", பிறகு "கொம்பாட்டிபிலிடேட்" போய்ப் பழைய விண்டோஸ் பதிப்பைத் தெரிவுசெய்து பாருங்கோ. 32 பிட் நிரல்கள் பல இப்படி ஓடும். ஆனால் விண்டோஸ் 11 க்கு 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. தொண்ணூறுகளின் 16 பிட் நிரல்கள் அதில் நேரடியாக ஓடாது. மெய்நிகர் கணினி ஒன்றில் பழைய விண்டோஸை நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டு அங்கே ஓட்டலாம்.

அவசரப்பட வேணுமா?

பழைய லேப்டாப்பில் டிபிஎம் 2.0 இல்லாமல் விண்டோஸ் 11 மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்தால், விண்டோஸ் 10 க்கான மேலதிகப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் வரை இலவசம். அந்தக் காலத்தைக் கோப்புகளை மாற்றப் பயன்படுத்துங்கோ.

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசும் இந்த ஒழுங்கில்தான் போகிறது. ஏறத்தாழ 30,000 வேலையிடங்களுக்கு லிப்ரேஒஃபிஸையும் திறந்த கோப்பு வடிவத்தையும் கொண்டுவர 2024 ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். லினக்ஸ் அதுக்கு அடுத்த படி. முதலில் ஆவணம், பிறகு இயங்குதளம். வீட்டுக்கும் அதே விதிதான்.

கடைசியாக ஒன்று: அப்பா புதிதாகத் தட்டச்சுப் பழகத் தேவையில்லை. பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்கும் விசைப்பலகைகள் இருக்கு. அவரின் விரல்கள் பழைய மாதிரியே ஓடட்டும். அவர் எழுதுவதை மட்டும் இனி எல்லாக் கணினியும் வாசிக்கட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!