இரும்புக் கோலும் ஆப்புக் கோலும்

மக்கள் ஆடும் பந்தாட்டங்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரு கருவியே போதும். கிரிக்கெட் ஆடுவோன் ஒரு மட்டையோடு களம் புகுகின்றான். ஹாக்கி ஆடுவோனும் ஒரு வளைகோலைக் கொண்டே ஆட்டம் முழுவதையும் முடிக்கின்றான். கோல்ப் ஆடுவோன் மட்டும் ஒரு பை நிறையக் கோல்களைச் சுமந்து செல்கின்றான். அல்லது பிறரைச் சுமக்கச் செய்கின்றான். இதனைச் செல்வரின் வீண் ஆடம்பரம் என்று நகைப்போர் உளர். அந்நகைப்பில் ஓரளவு நியாயம் உண்டு. முழு நியாயம் இல்லை. அக்கோல்கள் ஏன் பலவாயின, ஒன்றற்கொன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுகின்றோம். காலஞ்சென்ற நம் பழைய மாணவர் ஒருவரின் குடும்பத்தார் அவருடைய கோல்ப் பையைக் கல்லூரி விளையாட்டுச் சாமான் அறைக்கு அளித்தனர். அதில் இரும்புக் கோல்கள் ஒன்பது இருந்தன. அவை ஒரே தொகுதியைச் சேர்ந்தன அல்ல. சில புதியன, சில மிகப் பழையன. 'பி' என்னும் எழுத்துப் பொறித்த கோல்கள் இரண்டு, 'ஏழு' என்னும் எண் பொறித்தனவும் இரண்டு. "உதிரிக் கோல்களைச் சேர்த்து வைத்திருக்கின்றார், பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்" என்று சிலர் கூறினர். போடுவதற்கு முன் அளந்து பார்ப்போம் என்று யாம் கூறினோம். அளந்தபின் கண்டது யாது என்பதை இறுதியிற் கூறுவோம்.

பெயரும் எண்ணும்

கோல்ப் ஆட்டம் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்தது. நம் நாட்டிற்கு அது புதிதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு சங்கம் தோன்றிற்று. பெங்களூரில் 1876-இலும், கொடைக்கானலில் 1895-இலும் சங்கங்கள் எழுந்தன. சென்னையிற் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலும், நந்தனத்திலும் நெடுங்காலம் இவ்வாட்டம் ஆடப்பெற்று வந்தது.

முற்காலத்தில் கோல்களுக்கு எண் இல்லை, பெயரே இருந்தது. சாய்வு குறைந்த கோலைக் கிளீக் என்றும், நடுத்தரமானதை மாஷி என்றும், மிகுந்த சாய்வுடையதை நிப்ளிக் என்றும் வழங்கினர். கோல்கள் ஒரே அளவொழுங்கில் தொகுதியாகச் செய்யப்படலான பின்னர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெயர் மறைந்து எண் வந்தது. எண் சிறிதாயின் சாய்வு குறைவு, தண்டு நீளம், பந்து தாழ்ந்து நெடுந்தூரம் செல்லும். எண் பெரிதாயின் சாய்வு மிகுதி, தண்டு குறுக்கம், பந்து உயர்ந்து அண்மையில் விழும். அடுத்தடுத்த இரண்டு கோல்களுக்கிடையே சாய்வில் மூன்று நான்கு பாகையும், தண்டின் நீளத்தில் அரை அங்குலமும் வேறுபாடு இருப்பது வழக்கம். அதன் பயனாகப் பந்து செல்லும் தூரம் பத்துக் கஜம் அளவிற்கு வேறுபடும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். தூரத்திற்கு ஏற்பத் தன் வீச்சின் வன்மையைக் கூட்டியும் குறைத்தும் ஆடுதல் எவர்க்கும் அரிது. ஆகலின் வீச்சை ஒரே நிலையில் நிறுத்திக் கொண்டு, கோலை மாற்றுவதே இவ்வாட்டத்தின் முறையாயிற்று. பல கோல்கள் வேண்டப்படுவதன் காரணம் இதுவே; ஆடம்பரம் அன்று.

எனினும் அளவு மீறிற்று. 1930-ஆம் ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட கோல்களோடு களம் புகுந்தோர் இருந்தனர். பாரத்தைத் தாங்கியவர் ஆடியவர் அல்லர். கூலிக்குப் பை சுமந்த கேடியே. அமெரிக்கச் சங்கம் 1938-இலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1939-இலும் பதினான்கு கோல்களுக்கு மேற்படலாகாது என்று விதித்தன. அவ்விதி இன்றும் நிலவுகின்றது.

சாய்வு செய்யும் வேலை

புதிதாகப் பழகுவோர் அனைவரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. பந்து உயர எழ வேண்டுமாயின் அதனைக் கீழிருந்து அள்ளித் தூக்க வேண்டும் என்று எண்ணுகின்றனர். அவ்வாறு அள்ள முயலுங்கால், கோல் பந்திற்குப் பின்னே மண்ணிற் குத்தும். அன்றேல் பந்தின் தலையைத் தட்டி அதனைத் தரையில் உருளச் செய்யும். இரும்புக் கோலைக் கீழ்நோக்கிய போக்கிலேயே வீசி, முதலிற் பந்தையும் பின்னர்த் தரையையும் தீண்டுதல் முறை. கோலின் முகம் சாய்ந்திருத்தலால் பந்து தானே மேலெழும்; அதனோடு பின்புறமாகச் சுழலவும் தொடங்கும். அச்சுழற்சி பந்தைக் காற்றில் தாங்குகின்றது. தரையில் விழுந்தபின் நெடுந்தூரம் ஓடாது நிறுத்துகின்றது. தூக்கும் வேலை கோலினுடையது. வீசும் வேலையே நம்முடையது.

வடித்ததும் வார்த்ததும்

இரும்புக் கோலின் தலையை இருவகையாகச் செய்வர். மெல்லிய உருக்கைக் காய்ச்சி அடித்து வடிப்பது ஒருவகை. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் பூச்சிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவது மற்றொரு வகை. இப்பின்னது நமக்கு அயலான கலை அன்று. சுவாமிமலைச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளை வார்க்கும் முறையும் இம்மெழுகு வார்ப்பே ஆகும்.

பழைய கோல்களின் முதுகு சமமாக இருக்கும். கனம் நடுவில் திரண்டு நிற்கும். நடுவிற் பட்ட பந்து நன்கு செல்லும். சிறிது விலகிப் பட்டால் தலை திரும்பிப் பந்து வழிதவறும். நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பொறியாளராய் விளங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் என்பார், 1959-ஆம் ஆண்டு முதல், கனத்தை நடுவினின்று நீக்கி ஓரங்களிற் சேர்க்கும் முறையைத் தம் கோல்களிற் கையாண்டார். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்குங்கால் நீண்ட கழியைக் குறுக்கே ஏந்துதலை நாம் கண்டிருக்கின்றோம். கனம் இருபுறமும் விலகி நிற்பதால் கழி எளிதிற் சுழலாது; அவனும் சாயான். அவ்வியல்பே இங்கும் பயன்பட்டது. முதுகு குழிந்த இக்கோல்கள் புதியோரின் பிழையைப் பொறுக்கும். முதுகு சமமான பழைய கோல்கள் பிழையை உடனே காட்டிக் கொடுக்கும்.

தண்டும் நம் ஊரும்

முன்னர்த் தண்டு ஹிக்கரி என்னும் மரத்தாற் செய்யப்பட்டது. அது வீசும்போது முறுகும் இயல்பினது. ஒரு தண்டு போல் மற்றொன்று அமையாது. உருக்குக் குழாய்த் தண்டு வந்தபின்னரே ஒத்த தொகுதி என்பது இயல்வதாயிற்று. அதனை அமெரிக்கச் சங்கம் 1924-இலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929-இலும் ஏற்றன.

இங்கிலாந்தில் இத்தண்டுகளைச் செய்து பெயர்பெற்றோருள் ஓல்ட்பரி ஊரின் ஆக்கிள்ஸ் அண்டு பாலக் கம்பெனியார் ஒருவர். அக்கம்பெனி 1919-இல் உருவான டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்தின் துணையோடுதான் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூருக்காகத் தோன்றியது. 1955-இல் டியூப் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா ஆவடியில் தொடங்கப்பெற்றது. அம்பத்தூரில் அக்கூட்டத்தின் தலைவர் ஸர் ஐவன் ஸ்டெடிபோர்டு பெயரால் மருத்துவமனை ஒன்று இருத்தலை நம் மாணவர் அறிவர். ஆவடிக் குழாய் சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் உரியது. ஆயினும், உருக்கை மெல்லிய குழாயாக்கி, சூடாக்காமலே இழுத்துச் சுவரை ஒரே கனமாக்கும் கலை இரண்டற்கும் பொதுவாம். நம்மவர் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் அக்கலையிலேயே கைபழகியவர்கள்.

ஆப்புக் கோல்கள்

இனி, மிகுந்த சாய்வுடைய குறுங்கோல்களைப் பற்றிக் கூறுவோம். இவற்றை வெட்ஜ் என்பர். ஆப்பு என்பது பொருள். இவை நால்வகைப்படும்.

முதலாவது பிட்சிங் வெட்ஜ். இதன் சாய்வு இக்காலத்தில் பெரும்பாலும் 44 முதல் 48 பாகை. இரண்டாவது கேப் வெட்ஜ், அதாவது இடைவெளியை நிரப்பும் கோல். 50 முதல் 52 பாகை. மூன்றாவது மணற்கோலாகிய சாண்ட் வெட்ஜ்; 54 முதல் 56 பாகை. நான்காவது லாப் வெட்ஜ். 58 அல்லது 60 பாகை. இது பந்தை ஏறக்குறைய செங்குத்தாக எழுப்பி மெல்ல இறக்கும். பழகாதார் கையில் மிகவும் இடர் தருவதும் இதுவே.

ஆப்புக் கோலுக்குச் சாய்வு மட்டும் போதாது. அடிப்பாகத்தின் அமைப்பும் வேண்டும். கோலின் முன்விளிம்பைவிடப் பின்பகுதி தாழ்ந்து நிற்குமாயின் அத்தாழ்வை பவுன்ஸ் என்பர். ஏரிக்கரையில் ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடாத சிறுவர் இப்பகுதியில் இரார். சில்லின் தட்டையான அடி நீரிற் படுமாறு எறிந்தால் அது தத்தித் தத்திச் செல்லும்; விளிம்பு குத்துமாறு எறிந்தால் மூழ்கிவிடும். பவுன்ஸ் செய்வது இதுவே. அது கோலை மண்ணிற் புதையவிடாது வழுக்கி மேலெழச் செய்கின்றது.

மணற்குழியில் வீழ்ந்த பந்தை எடுத்தல் முன்னர்ப் பெருந்துன்பமாய் இருந்தது. நிப்ளிக்கின் கூரிய விளிம்பு மணலைத் தோண்டிப் புதைந்துவிடும். அமெரிக்க வீரர் ஜீன் சாரசன், ஆகாய விமானம் மேலெழுங்கால் அதன் வால் தாழ்தலைக் கண்டு, நிப்ளிக்கின் அடியிலும் அத்தகைய தாழ்வை அமைக்கலாம் என்று எண்ணினார் என்பர். கோலின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்து, அராவி, மீண்டும் மீண்டும் சோதித்தார். 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தில் அக்கோலோடு ஆடி வெற்றியும் பெற்றார். மணற்கோல் பந்தைத் தீண்டுவதில்லை. பந்திற்குச் சுமார் இரண்டு அங்குலம் பின்னே மணலைத் தாக்குகின்றது. மணல் எழும்போது பந்தையும் உடன் கொண்டெழுகின்றது.

பவுன்ஸ் எவ்வளவு வேண்டும் என்பது நிலத்தைப் பொறுத்தது. கோடையில் வறண்ட ஏரிப்படுகை கல்லெனக் கிடக்கும். அத்தகைய தரையில் பவுன்ஸ் மிகுந்த கோல் துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். ஐப்பசி மழைக்குப்பின் அதே நிலம் சேறாகும். அப்போது பவுன்ஸ் குறைந்த கோல் புதையும். ஆகலின் இறுகிய தரைக்கு நான்கு முதல் எட்டுப் பாகையும், மணலுக்கும் இளகிய நிலத்திற்கும் பத்து முதல் பதினான்கு பாகையும் ஏற்றனவாகும்.

எண் தந்த ஏமாற்றம்

நிற்க. முன்சொன்ன பைக்கு வருவோம். கொத்தனாரின் தூக்குக் குண்டையும் பாகைமானியையும் கொண்டு பௌதிக மாணவர் இருவர் ஒன்பது கோல்களையும் அளந்தனர். புதிய தொகுதியின் ஒன்பதாம் கோல் சுமார் 40 பாகை. பழைய தொகுதியின் ஏழாம் கோல் 39 பாகை. எண் வேறாயினும் வேலை ஏறத்தாழ ஒன்றே! காரணம் யாதெனில், சென்ற ஐம்பது ஆண்டுகளாகக் கோல் செய்வோர் சாய்வைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்துள்ளனர். கனம் அடியில் தாழ்ந்தமையால் சாய்வு குறைந்தும் பந்து உயர எழுகின்றது என்பது ஒரு நியாயம். "எங்கள் ஏழாம் கோல் பிறருடையதைவிடத் தூரம் போகும்" என்று விற்கலாம் என்பது மற்றொன்று.

இதனால் விளைந்த இடர் ஆப்புக் கோலிலேயே தோன்றிற்று. புதிய பிட்சிங் வெட்ஜ் 45 பாகை ஆயிற்று. மணற்கோலோ 56 பாகையிலேயே நின்றது. இடையில் பதினொரு பாகை வெற்றிடம். தூரத்தில் இருபது முப்பது கஜத்திற்கு உரிய கோலே இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பவே கேப் வெட்ஜ் பிறந்தது. அப்பெரியார் பையிலிருந்த இரண்டு 'பி' கோல்களை அளந்தோம். புதியது 45, பழையது 51, மணற்கோல் 56. அவர் உதிரிக் கோலை மறதியால் வைத்திருக்கவில்லை. புதிய தொகுதி வாங்கியபோது நேர்ந்த இடைவெளியை உணர்ந்து, மேலும் ஒன்று விலைக்கு வாங்காமல், பழைய 'பி' கோலையே அவ்விடத்தில் நிறுத்தியிருக்கின்றார். இரும்புக் கடைக்குச் செல்லவிருந்த கோல் அப்பையின் மிக நுண்ணிய தேர்வாக இருந்தது. பழைய ஏழாம் கோலை ஏன் வைத்திருந்தார் என்று கேட்க அவர் இல்லை. அதன் பிடி மட்டும் மற்றெல்லாவற்றினும் தேய்ந்திருந்தது.

பழகுவோர்க்கு ஒரு சொல்

கோல்ப் களத்திற்குப் பெருநிலமும் மிகுந்த நீரும் வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைக் கண்ட நாம், ஊர்தோறும் களம் வேண்டும் என்று கூறத் துணியோம். ஆனால் குறுங்கோல் பயிற்சிக்கு வலை கட்டிய ஒரு மூலையே போதும். வலையின்றி ஆடலாகாது, பந்து உயிருக்கும் தீங்கு செய்யும். முழுத்தொகுதியும் வேண்டா. ஐந்து, ஏழு, ஒன்பது, ஒரு மணற்கோல், பந்தை உருட்டும் பட்டர் ஆகியவற்றோடு தொடங்கலாம். பழைய கோல் வாங்குவோர் எண்ணைப் பாராது சாய்வை அளந்து வாங்குக.

வறியோர்க்கு இக்கலை எட்டாது என்பதும் இல்லை. தில்லியிற் பிறருடைய பையைச் சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இலும் 1993-இலும் இந்தியன் ஓப்பன் பந்தயத்தை வென்றார். பெங்களூரில் கேடியாய் இருந்த முனியப்பா 2009-இல் அதனையே வென்றார்.  ஒவ்வொரு கோலும் என்ன செய்யும் என்னும் அறிவு அவர்களுக்குச் சொந்தமாய் இருந்தது.

ஒன்பது கோல்களும் இப்போது சாமான் அறையில் உள. ஒவ்வொன்றின் தண்டிலும் அதன் உண்மைச் சாய்வை எழுதிய சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. கோலின் மேற் பொறித்த எண் செய்தவன் இட்ட பெயரே. அதன் குணத்தை நாமே அளந்து அறிதல் வேண்டும். மதிப்பெண்ணாலேயே மாணாக்கரை மதிக்கும் இக்காலத்தில், இதனை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே நினைவிற் கொள்வாராக.