நெஞ்சுக்குச் சான்றிதழ் உண்டா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க அப்பாவுடன் அலைந்தேன். கல்லுடைக்கும் தொழிலாளியான அவர், "என் கையைப் பார்த்தாலே தெரியாதுங்களா சார்?" என்று கேட்டார். தெரியத்தான் செய்யும், ஆனாலும் காகிதம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான் அன்று கற்ற பாடம், உண்மை வேறு, சான்று வேறு என்பது. வருமானத்திற்காவது காகிதம் உண்டு. உள்ளத்தில் எழும் அன்புக்கு எந்த அலுவலகத்தில் சான்று பெறுவது? இக்கேள்வியோடு அயல்நாட்டு வாசல்களில் நிற்போரைப் பற்றியதே இக்கட்டுரை.

அகதி என்பவர் யார்?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இதற்கு விடை கூறுகிறது. இனம், சமயம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால், தாய்நாட்டிற்கு வெளியே இருப்பவர் அகதி. தன்பால் ஈர்ப்புடையோர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் நாளடைவில் பல நாட்டு நீதிமன்றங்கள் அவர்களையும் 'சமூகக் குழு' என ஏற்றுக்கொண்டன. ஈரானியச் சட்டத்தில் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு மரண தண்டனை வரை உண்டு. உகாண்டா 2023இல் இயற்றிய சட்டமோ ஆயுள் தண்டனையும், சில நிலைகளில் மரண தண்டனையும் விதிக்கிறது.

மறைந்து வாழலாகாதா?

ஈரானியர் ஒருவரும் காமரூன் நாட்டவர் ஒருவரும் பிரிட்டனில் அடைக்கலம் கோரினர். பிறர் அறியாமல் அடக்கமாக வாழ்ந்தால் சொந்த நாட்டில் ஆபத்தில்லை என்று கூறி அவர்களை மறுத்தார்கள். 2010 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தைத் தள்ளியது. துன்புறுத்தலுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்வதைப் பாதுகாப்பு என்று சொல்லலாகாது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 2003இல், வங்கதேசத்தவர் இருவரின் வழக்கில், இதே வாதத்தை ஏற்க மறுத்திருந்தது. சமயத்தை மறைத்துக்கொண்டு வாழ் என்று ஓர் அகதியிடம் சொல்வோமா? சிந்திக்க வேண்டும்.

சோதனையும் பிழையும்

2015இல் நைஜீரியர் ஒருவர் ஹங்கேரியில் அடைக்கலம் கேட்டார். அவர் சொன்னவற்றில் பெரிய முரண்பாடு ஏதும் இல்லை. ஆயினும் உளவியல் சோதனை நடத்தினர். மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்றனர்; மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொன்னார்கள். அவர் கூற்று இதனால் உறுதிப்படவில்லை என்று மறுத்துவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஜனவரியில் இத்தகைய சோதனை கூடாது என்றது. அந்தரங்க உறவைப் படம்பிடித்துச் சான்றாகத் தருவதும் கூடாது என 2014லேயே அது தீர்ப்பளித்திருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தால் முதலில் சுழிப்பிழையைப் பார்க்க வேண்டும். இங்கே கருவியின் பிழையைப் பாராமலே ஒரு மனிதனின் வாழ்வை அளந்துவிட்டார்கள்!

புதுவாழ்வு

அடைக்கலம் கிடைத்தவருக்கு வேலை செய்யவும் பயணம் செய்யவும் உரிமை கிடைக்கிறது. ஆனால், தாய் இறந்தாலும் சொந்த ஊருக்குப் போக இயலாது. மற்ற அகதிகள் வீட்டுக்கும் வேலைக்கும் தம் நாட்டவரைத் தேடுவர். இவரோ, செய்தி ஊருக்குப் போய்விடுமோ என அவர்களிடமிருந்தும் ஒதுங்க நேர்கிறது. மொழி, தொழில், நட்பு அனைத்தையும் தனியாகத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கியவர்களுள் ஒருவர் ஆர்ஷாம் பார்சி. 2005இல் ஈரானிலிருந்து துருக்கிக்குத் தப்பி, மறு ஆண்டு கனடா சேர்ந்த அவர், தம்மைப் போல் தப்பி வருவோருக்கு உதவ டொரண்டோ நகரில் ஓர் அமைப்பையே நிறுவினார்.

முடிவுரை

விடுதியில் இப்பேச்சு வந்தால் சிரிப்பு எழும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அக்கூட்டத்தில் அச்சத்தால் சிரித்தவன் ஒருவன் இருந்திருக்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று வெட்கப்படுகிறேன். நண்பர்களே, அகதிகளுக்குச் சட்டம் எழுதும் நிலையில் நாம் இல்லை. பக்கத்துப் பாயில் படுப்பவன் அச்சமின்றி உறங்கும்படி நடந்துகொள்ள நம்மால் முடியும். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.