செஸ் போர்டுக்கும் அடக்க விலை உண்டு

காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வாங்கிய உப்பு மூட்டை சோளக்காடு போய்ச் சேரும்போது அதே விலையில் இருக்காது என்பது நம் கொல்லிமலைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மேலிருந்து மிளகு வாங்கினாலும் ஈரம், தூசி, சாக்கு எடை, வண்டி வாடகை எல்லாம் பார்த்தே விலை கட்டுகிறோம். செல்போனில் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். நாமும் மறந்தோம்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். மளிகை வாங்க வருகிறவர்களே இப்போது செஸ் செட் கேட்கிறார்கள். பிள்ளைகளின் போட்டி ஒன்றுக்காக நாம் ஆன்லைனில் ஆறு செட் தருவித்தோம். இருப்பதிலேயே குறைந்த விலை. பிரித்துப் பார்த்தால் ராஜா நம் கட்டைவிரல் உயரம்கூட இல்லை! திருப்பி அனுப்பும் செலவு சரக்கின் விலையைத் தொட்டது. சரியான செட்டை மறுபடி வாங்கினோம்.

ஆகவே, முதலில் ஒரே சரக்கைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். போட்டிக்கான ராஜா ஏறக்குறைய 95 மில்லிமீட்டர். போர்டில் ஒரு கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் நிற்க வேண்டும். காயின் அடியில் கனம் வைத்திருக்கிறார்களா, போர்டும் சேர்ந்த விலையா என்றும் படியுங்கள். படத்தில் போர்டு இருக்கும், பார்சலில் இருக்காது.

அடுத்தது கூட்டல். 480 ரூபாய் செட்டுக்கு அனுப்பும் கூலி 90 என்றால் 570. கூலியில்லாத 540 ரூபாய் செட்டே மலிவு. "60 சதவீதம் தள்ளுபடி" என்பதை நம் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். செஸ் போர்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. விற்பதற்கு வாங்குவோர் பில்லில் தம் ஜி.எஸ்.டி. எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் அந்த வரியை வரவு வைக்கலாம். கம்போசிஷனில் உள்ளவர்களுக்கு அது அடக்கத்தில்தான் சேரும்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் புத்தகமும் ஒன்றாகிவிடாது. 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை ஒத்துப் பாருங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றில் ஆட்டத்தை 'பி-கே4' என்ற பழைய முறையில் எழுதியிருப்பார்கள். இன்றைய பிள்ளைகள் படிப்பது 'இ4' முறை. வாங்கிக் கொடுத்தாலும் பிள்ளைக்குப் புரியாது.

நம் ஆறு சின்ன செட்டில் இரண்டைப் பஸ்ஸில் விளையாடப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டோம். நான்கு கிடங்கில் இருக்கின்றன. வேண்டுவோர் வரலாம், அடக்க விலைக்கே தருகிறோம்.