கரண்டிக்கு ஒரு கம்பி

சமையல் மேடையில் இடம் போதவில்லையா? மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் உள்ள சுவர் பல வீடுகளில் சும்மாதான் கிடக்கிறது. அங்கே ஒரு ஸ்டீல் கம்பியும் சில எஸ் கொக்கிகளும் மாட்டினால் கரண்டி டிராயரைக் குடைய வேண்டியதில்லை.

துளையிடுவதில்தான் கவனம் தேவை. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும். குழாய்க்கு நேர்கோட்டில் தண்ணீர் பைப் இருக்கும். அந்த இடங்களை விட்டுவிடுங்கள். டைல்ஸ் சுவரானால் குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டிரில் பிட் வழுக்காது. டைலைத் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் மோடு போடவே கூடாது, விரிசல் விட்டுவிடும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் டைலையும் தொடாதீர்கள்.

உயரத்தை அளக்க டேப் எதற்கு? வீட்டிலுள்ள நீளமான கரண்டியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் நுனி மிக்ஸி மூடியில் இடிக்காவிட்டால் சரி.

அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றிலும் படியும், பிளாஸ்டிக் பிடி உருகும். பக்கவாட்டில் கைக்கெட்டும் தூரமே நல்லது. கம்பி வாங்கும்போது 304 கிரேடு கேளுங்கள். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஈரத்தில் எளிதில் துருப்பிடிக்காது.

இரும்புத் தோசைக்கல்லைக் கம்பியின் நடுவில் மாட்டாமல், திருகு இருக்கும் முனையருகே மாட்டுங்கள். ஒட்டுக் கொக்கிகள் டீ வடிகட்டிக்குத்தான் லாயக்கு. தினமும் எடுக்காத முறுக்கு அச்சும் பணியாரக் கல்லும் பரணிலேயே இருக்கட்டும்.