தளர்ந்த கணுக்காலும் துள்ளற் பயிற்சியும்

கரும்பிலும் மூங்கிலிலும் ஒரு பகுதியும் மறு பகுதியும் கூடுகின்ற இடத்தைக் கணு என்கிறோம். காலில் அவ்வாறு அமைந்த கூட்டிடமே கணுக்கால். பரடு என்பதும் இதற்குரிய பழம்பெயர். நிற்றல், நடத்தல், ஓடுதல், தாண்டுதல் ஆகிய செயல்கள் அனைத்திலும் உடலின் எடையைத் தாங்கும் இவ்வுறுப்பைச் சுளுக்கு நேர்ந்தாலன்றி நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

மொழித்துறை மலரில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்று அன்பர்கள் வினவலாம். நம் கல்லூரிகளில் கபடி, கைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து ஆடும் மாணவ மாணவியரிடையே 'பழைய சுளுக்கு' என்ற சொல் அடிக்கடி வழங்குகிறது. ஒருமுறை பிசகிய கால் அடுத்த ஆட்டத்திலும் அதே பக்கமாக மடங்குகிறது. ஆண்டு முடிவதற்குள் மூன்றாம் முறையும் மடங்குகிறது. பயிற்றுநர் அதனைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்கிறார். வீட்டிலுள்ள பெரியவர்கள் கண்ணேறு என்று கழிக்கிறார்கள். விளையாட்டுத் திறத்தால் கல்லூரியில் இடம் பெற்று, அதனாலேயே ஒரு வேலையும் கிட்டும் என்று நம்பி வந்த ஏழை மாணவனுக்கோ அஃது எதிர்காலத்தையே அசைக்கும் துன்பம். இதற்குரிய விளக்கம் ஆங்கில நூல்களில் நிரம்ப உண்டு. தமிழில் மாணவர் கைக்கு எட்டும்படி எழுதப்பட்டது குறைவு. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இங்கு நம் நோக்கம்.

கணுக்காலின் அமைப்பு

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கவட்டை போல் சேர்ந்து நிற்க, அவற்றின் இடையே பாதத்தின் மேலெலும்பு பொருந்தியிருக்கிறது. அம்மேலெலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் சற்றுக் குறுகியும் உள்ளது. குதிகால் தரையில் ஊன்றி, முழங்கால் முன்னோக்கிச் சாயும்போது அகன்ற பகுதி கவட்டைக்குள் புகுந்து, தச்சர் அடித்த ஆப்பைப் போல் இறுகிவிடுகிறது. பாதத்தின் நுனி கீழ்நோக்கி நீளும்போது குறுகிய பகுதி அவ்விடத்திற்கு வர, மூட்டு தளர்கிறது. மேலே தாவிய ஒருவர் தரைக்கு வரும்போது பாதம் நுனி தாழ்ந்தே இருக்கும். அஃதாவது, மூட்டு மிகத் தளர்ந்திருக்கும் நிலையில்தான் உடலின் எடையெல்லாம் அதன்மேல் இறங்குகிறது. கைப்பந்தில் வலையருகே தடுத்தாடிவிட்டு இறங்குபவர் பிறர் பாதத்தின்மேல் மிதித்துச் சுளுக்கிக்கொள்வது மிகுதி என்பதன் காரணம் இதனால் விளங்கும்.

எலும்பை எலும்போடு பிணைக்கும் நாரினைப் பேச்சு வழக்கில் ஜவ்வு என்பர். நாம் இங்குப் பிணைநார் என்று குறிப்போம். கணுக்காலின் உட்புறப் பிணைநார் அகலமும் வலிமையும் உடையது. வெளிப்புறத்தில் உள்ளவை மூன்று. அவற்றுள் முன்னால் உள்ளதே மெலிந்தது. உள்ளங்கால் உட்பக்கம் திரும்பும்படி பாதம் மடங்கும்போது முதலில் கிழிவது அதுவே.

வீக்கம் வடிந்தபின் எஞ்சுவது

சுளுக்கிய காலுக்குப் பனிக்கட்டி ஒற்றி, பட்டையிட்டுக் கட்டி, ஓய்வு கொடுக்கிறோம். சில நாட்களில் வீக்கம் வடிகிறது, வலியும் குறைகிறது. உடனே மாணவன் களமிறங்குகிறான். குணமாகிவிட்டது என்று எல்லாரும் எண்ணுகிறோம். குணமாகாத ஒன்று உள்ளே இருக்கிறது.

1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃப்ரீமன் என்னும் எலும்பு மருத்துவர் ஒரு கருத்தை வெளியிட்டார். பிணைநார் நாண் மட்டுமன்று, உணர்வு நரம்புகள் குடியிருக்கும் இடமுமாகும். அது கிழியும்போது அந்நரம்புகளும் கெடுவதால், பாதம் எந்நிலையில் உள்ளது என்ற செய்தி சரிவரக் கிட்டுவதில்லை என்பது அவர் கொள்கை. சாயும் பலகையின்மேல் நின்று பழகியவர்க்குக் கால் தளரும் தொல்லை குறைந்தது என்றும் அவர் காட்டினார். பின்வந்த ஆய்வாளர் இக்கொள்கையை விரிவாக்கினர். நரம்பு கெடுவதோடு, மூளை காலை ஏவுகின்ற முறையும் மாறிவிடுகிறது என்று கண்டனர். ஒரு கால் சுளுக்கியவருக்கு நல்ல காலிலும் சமநிலை குன்றியிருப்பது சில ஆய்வுகளில் தெரியவந்தது இதற்குச் சான்று.

கண்ணை மூடியிருக்கும்போதும் நம் பாதம் இருக்கும் நிலையை நாம் அறிகிறோம் அல்லவா? அவ்வறிவைத் தன்னிலையுணர்வு எனலாம். பிணைநார் நெகிழ்ந்து மூட்டே ஆடுவது ஒருவகைத் தளர்ச்சி. மூட்டு உறுதியாக இருந்தும் தன்னிலையுணர்வும் தசையின் விரைவும் குன்றியதால் கால் நழுவுவது மற்றொரு வகை. பலரிடம் இரண்டும் கலந்திருக்கும். முதல் வகை முற்றியவர்க்கு அறுவை மருத்துவம் தேவைப்படலாம். இரண்டாம் வகைக்கு மருந்து பயிற்சியே.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. பாதம் தவறாக ஊன்றியதும் பிணைநார் கிழிவதற்கு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டுவதில்லை. மடங்குகிறது என்ற செய்தி சென்று, வெளிப்புறத் தசை சுருங்கிக் காப்பதற்கும் ஏறத்தாழ அந்நேரம் பிடிக்கும். ஆகவே ஊன்றியபின் காக்க முனைவது பெரும்பாலும் காலங்கடந்த முயற்சியாகிவிடுகிறது. பாதம் தரையைத் தொடும் முன்னரே தசைகள் விறைத்து ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அந்த முன்னாயத்தத்தை உடல் கற்றுக்கொள்வது துள்ளி இறங்கிப் பழகுவதால்தான். நின்று பழகுதல் மட்டும் போதாது, துள்ளியும் பழகவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

முதலில் நிற்றல்

சமநிலைப் பயிற்சிக்குப் பெருஞ்செலவு இல்லை. வெறுங்காலுடன் ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பது முதற்படி. அது எளிதானதும் கண்களை மூடி நிற்கலாம். பின்னர் மடித்த பாய் அல்லது தலையணைமேல் நிற்கலாம். அதன்பின் நின்றபடியே பந்தை எறிந்து பிடிக்கலாம். அடியில் அரைக்கோள மரக்கட்டை பொருத்திய வட்டப் பலகையை ஊர்த் தச்சரே செய்து தருவார். தொடக்கத்தில் சுவரோ நண்பரின் தோளோ கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் நலம்.

ஒரு காலில் நின்றுகொண்டு மறு காலை முன்னும், பின்புறம் இரு சாய்வுகளிலும் எட்டுமட்டும் நீட்டித் தரையைத் தொட்டு மீள்வது சோதனையாகவும் பயிற்சியாகவும் பயன்படுகிறது. இரு கால்களும் எட்டும் தொலைவை அளந்து ஒப்பிட்டால் குறை எந்தக் காலில் என்பது தெரியும்.

நம் தெருக்களில் சிறுமியர் ஆடும் பாண்டியை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. சில்லெறிந்து, கோட்டை மிதியாமல் ஒற்றைக்காலால் கட்டத்திற்குக் கட்டம் துள்ளி நின்று, அதே காலில் குனிந்து சில்லை எடுத்துத் திரும்புதல்! அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தளர்ந்த கணுக்கால் உடைய இளைஞர்க்கு 4 வாரங்கள் துள்ளி நிலைத்தல், துள்ளிக் கால் நீட்டுதல் முதலிய பயிற்சிகள் தரப்பட்டுச் சமநிலை மேம்பட்டது. பங்கேற்றவர் 31 பேரே. ஆயினும் அப்பயிற்சி முறையைப் படிக்கும்போது நமக்குப் பாண்டிக் கட்டமே கண்முன் வந்தது. பாண்டி மருத்துவமாகிவிடாது. ஆனால் பத்து வயதில் ஆடிய அவ்வாட்டத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென்று இளைஞர் நாணி ஒதுக்கவேண்டியதில்லை.

பின்னர்த் துள்ளல்

நீண்ட தசை உடனே சுருங்கினால் விசை மிகும் என்பதே துள்ளற் பயிற்சியின் அடிப்படை. சோவியத்து நாட்டில் வெர்கோஷான்ஸ்கி என்பவர் இதனை உயரத்திலிருந்து குதித்து உடனே எழும்பும் முறையாக வளர்த்தார். பிளையோமெட்ரிக் என்ற பெயரை 1975இல் வழங்கியவர் அமெரிக்கப் பயிற்றுநர் ஃப்ரெட் வில்ட். உயரம் தாண்டுபவர்க்கும் விரைந்து ஓடுபவர்க்கும் ஆற்றல் கூட்டவே இது தோன்றியது. தளர்ந்த காலுக்கு வரும்போது நோக்கம் மாறுகிறது: எழும்பும் உயரத்தைவிட இறங்கும் முறையே இங்குக் கருதப்படும்.

இருகாலால் நின்ற இடத்திலேயே மெல்லத் துள்ளுதல், கோட்டைக் கடந்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் துள்ளுதல், ஒற்றைக்காலால் துள்ளி 3 நொடி அசையாது நிற்றல், 15 அல்லது 20 சென்டிமீட்டர் உயரப் படியிலிருந்து இறங்கி நிலைத்தல், இறுதியாகத் திசை மாறித் துள்ளுதல் என இது வளரும். ஒரு படியில் தடுமாற்றம் நீங்காமல் அடுத்ததற்குச் செல்லலாகாது. பக்கவாட்டுத் துள்ளல்தான் கடினமானது. அவசரப்படுவோர் தவறுவதும் அங்கேதான். முழங்கால் சற்று மடங்கி, பாதவிரல்களின் நேரே இருத்தல் வேண்டும். உட்புறம் சாய்தல் கூடாது. இறங்கும் ஓசையைக் கேட்டே நல்ல பயிற்றுநர் குறையைச் சொல்லிவிடுவார். 'தொம்' என்று கேட்டால் தசை தாங்கவில்லை, எலும்பு தாங்குகிறது என்று பொருள். தொடக்கநிலையில் ஒரு நாளைக்குப் பாதம் தரை தொடும் எண்ணிக்கை 80 முதல் 100க்குள் அமைவது போதும். துள்ளற் பயிற்சி நாட்களுக்கிடையே 48 மணி நேர இடைவெளியும் தேவை.

ஆய்வுகள் சொல்வன

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடிய 765 மாணவ மாணவியரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சமநிலைப் பயிற்சி பெற்றோர்க்குச் சுளுக்கும் இடர் 38 விழுக்காடு குறைந்திருந்தது. நெதர்லாந்தில் அண்மையில் கால் சுளுக்கிய 522 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே 8 வாரங்கள் பயின்றவர்க்கு மீண்டும் சுளுக்கும் இடர் 35 விழுக்காடு குறைந்தது. ஆக, இடர் குறைகிறதேயன்றி அற்றுப்போவதில்லை.

அந்நாட்டின் கைப்பந்து அணிகள் 116இல் நடந்து 2004இல் வெளியான ஆய்வு நம் பயிற்றுநர்க்கு மிகவும் வேண்டியது. சாய்பலகைப் பயிற்சியால் பயனடைந்தவர் முன்பே சுளுக்கு உற்றவர் மட்டுமே. அதனினும் கருதத்தக்கது, முன்பு முழங்காலில் காயமுற்றவர்க்கு அப்பயிற்சியால் முழங்கால் நோவு மிகுந்தது. அணியில் உள்ள அனைவரையும் ஒரே பலகையில் ஏற்றுவது தவறு என்பது தெளிவு. காலுறை போல் அணியும் கணுக்கால் காப்பு மீண்டும் சுளுக்குவதைத் தடுப்பதில் பயிற்சியைக் காட்டிலும் மேம்பட்டிருந்ததாக 2014இல் மற்றொரு டச்சு ஆய்வு கூறியது. காப்பு ஆட்டத்திற்கு, பயிற்சி காலுக்கு என இரண்டையும் கொள்வதே தக்கது என்பது நம் கருத்து.

இப்பயிற்சிகளெல்லாம் புதிதாகச் சுளுக்கிய காலுக்கு உரியனவல்ல. எழுந்து நான்கடி வைக்க இயலாவிடினும், கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்து முறிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். எண்ணெயிட்டு இழுத்துச் சுளுக்கெடுக்கும் வழக்கம் அந்நிலையில் முறிந்த எலும்பை விலக்கிவிடக் கூடும்.

களத்திற்குத் திரும்பும் நாளை நாட்காட்டி முடிவு செய்தல் தகாது. போட்டி அட்டவணையும் முடிவு செய்தல் தகாது. இரு கால்களையும் தனித்தனியே துள்ளச் செய்து தொலைவை அளக்க வேண்டும். பழுதுற்ற கால் நல்ல காலின் அளவில் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்டி, இறங்கியதும் ஆடாமல் நின்று, மறுநாள் காலையில் வீங்காமலும் இருந்தால் முதலில் அரை ஆட்டம் ஆடவிடலாம். நல்ல காலும் குன்றியிருக்கக்கூடும் என்று மேலே கண்டோம்; எனவே பருவத் தொடக்கத்தில், எவருக்கும் காயம் நேரும் முன்பே, அணியினர் ஒவ்வொருவரின் இரு கால் அளவுகளையும் உடற்கல்வித் துறையின் ஏட்டில் குறித்து வைத்தல் பயன்தரும். ஓர் அளவு நாடாவும் ஒரு மாலைப்பொழுதும் அதற்குப் போதுமானவை.